டெலிவரி வேனுக்குள் சீலிங் அடிக்கும்போது

டெலிவரி வேனைப் படுத்துச் சமைத்துப் பயணம் போகும் வண்டியாக மாற்றுகிறவர்களுக்கு முதல் தொல்லை கூரைதான். அது வெறும் தகரம். சித்திரை வெயிலில் ஈரோட்டிலோ கரூரிலோ மத்தியானம் வெட்டவெளியில் நிறுத்தினால் அந்தத் தகரம் 60, 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அதே வேன் மார்கழியில் வால்பாறையில் ஒரு ராத்திரி நின்றால், உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சுக்காற்று பட்டே கூரை வேர்த்து நெற்றியில் சொட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சீலிங் பிழைக்க வேண்டும். எந்தத் துணி, என்ன கலர் என்பதெல்லாம் கடைசிக் கேள்வி. தகரத்தின் மேல் எதையும் பசையை மட்டும் நம்பி ஒட்டித் தொங்கவிடக் கூடாது என்பதே முதல் விஷயம்.

சீட் கவர் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "ஒட்டியே குடுத்தர்லாமுங்ணா, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும்." முடிந்துவிடும்தான். ஸ்பாஞ்சு வைத்த லைனிங் துணியை ரப்பர் பசையால் நேராகத் தகரத்தில் ஒட்டுவார்கள். முதல் வெயில் காலத்திலேயே பசை இளகும், துணி வயிறு தள்ளும். பசை தாங்கினாலும் ஸ்பாஞ்சு தாங்காது. சூட்டிலும் ஈரத்திலும் அது மட்கி மஞ்சள் பொடியாக உதிரும். துணி தனியே, பொடி தனியே என்று தொங்கும். பழைய கார்களில் டாப் லைனிங் தொங்குவதும் இதனால்தான். அப்புறம் புதுத்துணி ஒட்ட வேண்டுமானால் அந்தப் பொடியையும் பசையையும் ஒரு அங்குலம் விடாமல் சுரண்ட வேண்டும். அந்த வேலைக்கு எந்தக் கடைக்காரரும் ஆசைப்பட மாட்டார்.

மலிவில் அடுத்து வருவது வீட்டுச் சீலிங்குக்குப் போடும் பிவிசி பேனல். பத்து அங்குல அகலம், பத்தடி நீளம், ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும். எடை குறைவு, தண்ணீர் பட்டாலும் ஊறாது. ஆனால் பிவிசி வெயிலுக்கு நீளும். காலை 25 டிகிரியில் கச்சிதமாக வெட்டிப் பொருத்திய பத்தடிப் பேனல், மத்தியானம் 65 டிகிரிக்குப் போனால் 7 மில்லிமீட்டர் வரை வளரும். வளர இடமில்லை என்றால் நடுவில் வளைந்து இறங்கும். ஆறிய பிறகும் அந்த வளைவு முழுசாகப் போகாது. பிவிசிதான் வேண்டும் என்பவர்கள் தகரத்துக்கும் பேனலுக்கும் நடுவில் சூடு தடுக்கும் ஷீட் போட்டு, நீளவாக்கில் மொத்தம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்க்ரூ ஓட்டையை நீள்வட்டமாக வெட்டி, அடிக்கொரு பிடிமானம் கொடுத்தால் ஓரளவு தாக்குப் பிடிக்கும். ஜிப்சம் பலகையை நினைத்தே பார்க்க வேண்டாம். எடை ஒரு பக்கம், கொல்லிமலையின் 70 வளைவு ஏறி இறங்கினால் ஜாயிண்ட் எல்லாம் விரிசல் விடும்.

பாக்கி இருப்பது 4 மில்லிமீட்டர் பிளைவுட். எட்டடிக்கு நாலடி ஷீட் ஏழு கிலோதான் இருக்கும். மலிவு, எங்கேயும் கிடைக்கும், ஸ்க்ரூ பிடிக்கும், கழற்றி மறுபடி மாட்டலாம். சாதாரண எம்ஆர் ரகம் வேண்டாம். ஈரத்தில் அடுக்கு பிரியும். 710 முத்திரை உள்ள தண்ணீர் தாங்கும் ரகம் வாங்குங்கள். வாங்கும்போது ஓரத்தைப் பார்த்து அடுக்குகளுக்கு நடுவே சந்து இல்லையா, பொடி உதிரவில்லையா என்று சரிபார்க்கவும். பொடி உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது.

அளவும் சாமானும்

உள்கூரை பத்தடி நீளம், ஐந்தரை அடி அகலம், குறுக்கே இரண்டடிக்கு ஒரு தகர ரிப் (கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) என்று வைத்துக்கொள்வோம். ரிப் இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும். முதலில் அளந்து, ஒவ்வொரு ரிப்பின் நடுவையும் மார்க்கரால் பக்கத் தகரத்தில் குறித்துவிடுங்கள். கூரையை மூடிய பிறகு ரிப் எங்கே என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

4 மில்லிமீட்டர் பிளை இரண்டு ஷீட் போதும், நீளவாக்கில் வைத்தால். குறுக்குவாக்கில் வைத்தால் மூன்று ஷீட் ஆகும், வேஸ்ட்டும் அதிகம். நீளவாக்கில் வைக்க இன்னொரு காரணம், பிளைவுட்டின் மேல் அடுக்கு நார் எட்டடி நீளத்தில் ஓடும். வேன் கூரை அகலவாக்கில்தான் வளைந்திருக்கிறது. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே பிளை சுலபமாக வளையும். நாரோடு சேர்த்து வளைத்தால் அடம் பிடிக்கும், ஓரத்தில் ஸ்க்ரூவைப் பிடுங்கும்.

முதல் ஷீட் அப்படியே நடுவில், எட்டடிக்கு நாலடி. இரண்டாவதில் இரண்டடிக்கு நாலடி ஒரு துண்டு வெட்டினால் நடுவில் பாக்கி நீளம் முடிந்தது. மிச்சம் ஆறடிக்கு நாலடி. அதை ஒன்பது அங்குல அகலத்தில் ஆறடிப் பட்டைகளாகக் கிழித்தால் ஐந்து வரும். பக்கத்துக்கு ஆறடி ஒன்று, நாலடி ஒன்று போட்டால் இரண்டு ஓரமும் முடிந்து ஒரு பட்டை மிச்சம். நடு ஷீட்டின் ஜாயிண்ட் எட்டாவது அடியில், ஓரப் பட்டையின் ஜாயிண்ட் ஆறாவது அடியில். ஒரே கோட்டில் எல்லா ஜாயிண்டும் வராதது நல்லது. வந்தால் அந்த இடம் கீலைப் போல ஆடும்.

ரீப்பருக்கு, அதாவது ரிப்பில் போல்ட் போட்டுப் பிளையைத் தாங்கும் பட்டைக்கு, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் எட்டடிக்கு இரண்டடித் துண்டு. இதைக் கட் பீஸாகவே கேட்டு வாங்கலாம். 40 மில்லிமீட்டர் அகலத்தில் கிழித்தால் பதினாலு பட்டை கிடைக்கும். நாட்டு மர ரீப்பர் இதைவிட மலிவுதான். ஆனால் காயாத மரமாக இருந்தால் இரண்டு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும்.

எம்5 ரிவ்நட் (தகர ஓட்டையில் இறுகிப் பிடிக்கும், உள்ளே மரை உள்ள நட்) ஐம்பது, எம்5×20 சிஎஸ்கே (தலை மரத்துக்குள் அமிழும்) போல்ட் ஐம்பது, அரை அங்குல எஸ்எஸ் ஸ்க்ரூ இருநூறு, அதற்குக் கப் வாஷர். சூடு தடுக்க 19 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஷீட் அறுபது சதுர அடி, பின்னால் பசை உள்ளது. ஏசி டக்ட் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள், இன்டீரியர் கடையில் கேட்காதீர்கள். விலை வித்தியாசம் தெரியும். அலுமினிய டேப் ஒரு ரோல். பழைய சைக்கிள் டியூப் நாலைந்து, பஞ்சர் கடையில் சும்மாவே தருவார்கள்.

மூடுவதற்கு முன்னால்

கூரையை வெட்டுகிற வேலை எதுவும் இருந்தால் இப்போதே முடித்துவிட வேண்டும். காற்றோட்ட ஃபேன் வைக்க வழக்கமாக 14 அங்குலச் சதுரம் வெட்டுவார்கள். சோலார் பேனல் தாங்கியின் போல்ட் ஓட்டையும் இதில் சேரும். வெட்டிய விளிம்பைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள். வினிகர் வாடை வரும் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் வெட்டு விளிம்பில் துருவைத் தொடங்கி வைக்கும். பிறகு ஹோஸ் பைப்பை மேலே பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கவும். இந்த அரை மணி நேரத்தைச் சோம்பலில் விட்டவர்கள் ஐப்பசி மழையில் மொத்தச் சீலிங்கையும் கழற்றியிருக்கிறார்கள். கூரையை வெட்டுவது, இருக்கை எண்ணிக்கையை மாற்றுவது போன்றவை ஆர்சியில் உள்ள விவரத்தையே மாற்றும்; மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு அதைத்தான் பேசுகிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு வெட்டுவது நல்லது.

வயரிங்கும் இப்போதுதான். 12 வோல்ட் எல்இடி விளக்குக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம், தொடக்கத்தில் 5 ஆம்பியர் ஃப்யூஸ். ரிப்பின் ஓட்டை வழியாக வயர் போகிற இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். தகர விளிம்பு வயரின் தோலை அறுக்க ஒரு மலைப்பாதைப் பயணம் போதும். வயர் போகும் தடத்தை இஞ்ச் டேப் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு ஸ்க்ரூ போடும்போது அதுதான் காப்பாற்றும்.

ஓட்டை போடுவது

இந்த வேலையிலேயே பயப்பட வேண்டிய இடம் இதுதான். ரிப்பின் அடிப்பக்கத்துக்கும் மேல்தகரத்துக்கும் நடுவில் பல வண்டிகளில் 25 மில்லிமீட்டர்தான் இருக்கும். ட்ரில் பிட் ரிப்பைத் துளைத்ததும் கை தானாக மேலே பாயும். பிட் கூரையைத் தாண்டி வானத்தைப் பார்க்கும். அதனால் பிட்டின் மேல் ஒரு துண்டு பிவிசி வயரிங் பைப்பை மாட்டி, முனை 12 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி வெட்டி விடுங்கள். பைப் ரிப்பில் முட்டி நின்றுவிடும். டேப் சுற்றி அடையாளம் வைப்பது பத்தாது, டேப் எதையும் நிறுத்தாது.

எம்5 ரிவ்நட்டுக்கு ஓட்டை 7 மில்லிமீட்டர். முதலில் சென்டர் பஞ்ச், பிறகு 3 மில்லிமீட்டர் பிட், பிறகு 7. ஓட்டை அரை மில்லிமீட்டர் பெரிதானாலும் ரிவ்நட் பிடிக்காமல் சேர்ந்து சுற்றும். சுற்றிய ரிவ்நட்டைக் கழற்றுவதைவிடப் பக்கத்தில் புது ஓட்டை போடுவது மேல். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் சின்ன பிரஷால் ரெட் ஆக்சைடு தொட்டு வையுங்கள், அது காய்ந்த பிறகு ரிவ்நட். அன்றைய வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு ரிப், தரை, கதவுச் சந்து எல்லாம் ஓட்டி இரும்புத் தூளை எடுத்துவிட வேண்டும். பையைத் திருப்பினால் தூள் கொட்டிவிடும். எடுக்காமல் விட்ட தூள் ஒரு பனி இரவில் துருவேறிப் பெயிண்டில் பழுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும்.

போல்ட் நீளமும் இதே கணக்குத்தான். 20 மில்லிமீட்டர் போல்ட், 12 ரீப்பருக்குள் போக, 8 ரிவ்நட்டுக்குள் ஏறும். கடையில் 20 இல்லை என்று 30 வாங்கினால் முனை மேல்தகரத்துக்கு அருகில் போய் நிற்கும். ரிப் ஆழம் குறைந்த வண்டியில் முட்டியே விடும்; தகரம் அதிரும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம் வரும், மேலே சின்னப் புடைப்பும் தெரியும்.

சூடும் ஈரமும்

ரிப்புகளுக்கு நடுவில் உள்ள தகரத்தைத் தின்னர் துணியால் துடைத்து, நைட்ரைல் ஷீட்டை அளவாக வெட்டி ஒட்டவும். இதுவும் தகரத்தில் பசைதானே என்று கேட்கலாம். ஷீட் லேசானது, கீழே பிளை தாங்கப் போகிறது, அதனால் பசை இளகினாலும் விழ இடமில்லை. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் ஒட்டி முடிப்பது உத்தமம். ஆடி மாதத்தில் வேண்டவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் பசைப்பக்கம் முழுக்க மண் அப்பிக்கொள்ளும். ஷீட்டுக்கும் ரிப்புக்கும் நடுவில் உள்ள சந்தை எல்லாம் அலுமினிய டேப்பால் மூடுங்கள். உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தைத் தொட்டால்தான் வேர்க்கும். தொடவிடாமல் செய்வதுதான் வேலை.

நம் பக்கத்தில் சும்மா கிடைக்கிறது என்று இரண்டு சாமானை நிரப்பப் பார்ப்பார்கள். ஒன்று திருப்பூர் பனியன் வேஸ்ட், இன்னொன்று பொள்ளாச்சி தேங்காய் நார். இரண்டும் சூட்டைத் தடுக்கும், பொய்யில்லை. ஆனால் இரண்டும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது, பூசணம் பிடிக்கும், தகரத்தைத் துருவேற்றும். வயரிங்கில் ஒரு பொறி வந்தால் பஞ்சு வேஸ்ட் என்ன செய்யும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெர்மோகோல் இன்னொரு ரகம். ரப்பர் பசையில் உள்ள கரைப்பான் பட்டதும் குழி குழியாகக் கரைந்துபோகும். கரையாமல் ஒட்டினாலும் ஓடும் வண்டியில் கீச் கீச் என்று உரசும்.

ரீப்பரும் பிளையும்

ரீப்பர் ஏழு வரிசை, நீளவாக்கில். இரண்டு ஓரத்திலும் ஒன்றொன்று, நடு ஷீட்டும் ஓரப் பட்டையும் சந்திக்கும் கோட்டில் ஒன்றொன்று, நடு ஷீட்டுக்குள் அடிக்கொன்றாக மூன்று. 4 மில்லிமீட்டர் பிளைக்கு ஓர் அடிக்கு மேல் பிடிமானம் இல்லாமல் விட்டால் தொங்கும், தட்டினால் பறை மாதிரி சத்தம் வரும். ஏழு வரிசை, ஆறு ரிப், ஆக நாற்பத்திரண்டு போல்ட். ரீப்பரின் ஜாயிண்ட் ரிப்பின் மேலேயே வரட்டும். அங்கே இரண்டு துண்டையும் ஒரே போல்ட்டில் பிடிக்க, முனைகளைப் பாதித் தடிமனுக்குச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாம். ஒவ்வொரு ரிப்புக்கும் ரீப்பருக்கும் நடுவில் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு துண்டு வையுங்கள். சத்தம் நிற்கும், ரிப் வழியாக ரீப்பருக்கு இறங்கும் சூடும் குறையும். போல்ட் மரையில் ஒரு சொட்டு நீல நிற த்ரெட் லாக் (மரை கழலாமல் பிடிக்கும் பசை).

எட்டாவது அடியில் நடு ஷீட் ஜாயிண்ட் வருகிற இடத்தில், ரீப்பர்களுக்கு நடுவே குறுக்குத் துண்டு வைக்க மறந்துவிடுகிறார்கள். ரீப்பர் பிடித்த இடம் உயர்ந்தும் நடுவில் தாழ்ந்தும் ஜாயிண்ட் அலை அலையாகத் தெரியும். முன்ஓரம், பின்ஓரத்துக்கும் இதே குறுக்குத் துண்டு வேண்டும். மிச்சமுள்ள ரீப்பர் பட்டை இதற்குத்தான்.

பிளையை ஏற்றுமுன் இரண்டு முகத்துக்கும் உட் ப்ரைமர் ஒரு கோட், வெட்டு ஓரத்துக்கு இரண்டு. ஒரு முகத்துக்கு மட்டும் அடித்தால் மறுமுகம் ஈரம் குடித்து ஷீட் ஒரு பக்கமாக வளையும். பின்கதவுப் பக்கம் கூரை மூலை நேராக இருக்காது. பனியன் அட்டைப்பெட்டியைப் பிரித்து மாதிரி வெட்டிப் பார்த்த பிறகு பிளையில் வையுங்கள். சுற்றிலும் 5 மில்லிமீட்டர் இடைவெளி விடலாம், பக்கச் சுவர்ப் பலகை பிறகு வந்து ஓரத்தை மூடும். எப்போதும் சீலிங் முதலில், சுவர் பிறகு. சுவர்ப் பலகையின் மேல்விளிம்பே சீலிங் ஓரத்துக்கு இரண்டாவது தாங்கலாகிவிடும்.

தூக்கிப் பிடிக்க ஆள் இல்லையென்றால் ரீப்பரில் ஆங்கில T வடிவத்தில் இரண்டு முட்டு செய்துகொள்ளுங்கள், தரையிலிருந்து கூரை உயரத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக. ஷீட்டை வைத்து முட்டைச் சாய்த்து இறுக்கினால் கூரை வளைவுக்குத் தானாக அமரும். ஸ்க்ரூவை நடு வரிசையிலிருந்து ஓரத்தை நோக்கிப் போட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் உப்பல் மாட்டிக்கொள்ளும், அப்புறம் எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் அடங்காது. எட்டு அங்குலத்துக்கு ஒன்று போதும். ஸ்க்ரூ அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நீளமானால் ரீப்பரைத் தாண்டி வயரைத் தேடிப் போகும்.

துணி

பெயிண்ட் அடித்து அப்படியே விட்டாலும் குறையில்லை. துணிதான் வேண்டும் என்றால் ஸ்பாஞ்சு வைத்ததை விட்டுவிட்டு, திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் கிலோக் கணக்கில் விற்கும் மிச்ச ரோலில் தேடலாம். பாலியெஸ்டர் ஃப்ளீஸ், 280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 280 கிராம்) வாக்கில், ஓப்பன் விட்த் (குழாயாக இல்லாமல் விரித்த துணி), இரண்டரைக் கிலோ. சிங்கிள் ஜெர்ஸி மலிவாகக் கிடைக்கும், ஆனால் வெட்டிய ஓரம் பாய் போலச் சுருண்டுகொள்ளும், பசையும் முகத்தில் ஊறித் தெரியும். இன்டர்லாக் சுருளாது, மெல்லியதாக இருந்தால் அதிலும் பசை தெரியும். காட்டன் வேண்டாம், சமையல் வாடையையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

ஒவ்வொரு பிளைத் துண்டையும் கீழே வைத்துத் தனித்தனியாகத் துணி சுற்றி, பிறகு மேலே ஏற்றவும். இரண்டு அங்குலம் பின்னால் மடியட்டும். மடிப்புக்கு ஸ்டேப்ளர் அடிக்கலாமே என்று தோன்றும்; வழக்கமான பின் 6 மில்லிமீட்டர், பிளை 4 மில்லிமீட்டர், முனை முகத்துப் பக்கம் எட்டிப் பார்க்கும். மடிப்புக்கும் பசைதான். முகத்துக்கும் பசை வேண்டும். காரணம், கீழேயிருந்து பார்த்தால் சீலிங் உள்குழிவு. குழிவான பரப்பில் துணியை அகலவாக்கில் இழுத்துக் கட்டினால் அது பிளையை விட்டுக் கழன்று நேர்கோட்டில் நிற்கும். நீளவாக்கில் நன்றாக இழுங்கள், அகலவாக்கில் சுருக்கம் போகிற அளவுக்கு மட்டும்.

ரப்பர் பசை இரண்டரை லிட்டர். பிளையில் தாராளமாகவும் துணியில் மெல்லிசாகவும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டவும். ஈரமாக ஒட்டினால்தான் கறை ஊறும். வேலையைத் திறந்த இடத்தில் செய்யுங்கள். அந்தப் புகை தலை சுற்ற வைக்கும், பக்கத்தில் பீடி, அடுப்பு ஆகாது. இந்தப் பசை தாங்குமா என்றால், தாங்கும். மேலே தகரத்துக்கும் இதற்கும் நடுவில் 19 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றுச் சந்தும் 4 மில்லிமீட்டர் பிளையும் இருக்கின்றன. தகரத்தின் சூடு இதுவரை அப்படியே வராது.

அடுப்பு வைக்கிற இடத்துக்கு நேர்மேலே மட்டும் துணி கூடாது. அங்கே மூன்றடிச் சதுரத்துக்கு அலுமினிய ஷீட் அடியுங்கள். வாங்கும் துணியில் ஒரு துண்டை வெளியே வைத்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். எரிந்து சொட்டுகிற துணி, மேலே சொன்ன ஃப்ளீஸே ஆனாலும், தலைக்கு மேல் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும். அதற்கு வெறும் பெயிண்டே மேல்.

ஜாயிண்டை மறைக்க, கரூரில் பஸ் பாடி சாமான் விற்கும் கடைகளில் ஓர் அங்குல அலுமினியப் பட்டி கிடைக்கும். பஸ் சீலிங்கில் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் அதைப் பாப் ரிவெட் அடித்துப் பிடிப்பார்கள். வேனில் ஸ்க்ரூவே போடுங்கள், கழற்ற வேண்டி வரும்.

முதல் மலைப்பயணம் போய் வந்ததும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் அந்த 40 வளைவு மாதிரி ஒன்று, எல்லா ஸ்க்ரூவையும் கையால் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். ட்ரில்லால் இறுக்கினால் 12 மில்லிமீட்டர் ரீப்பரில் மரை வழுக்கிவிடும். வழுக்கிய ஓட்டையில் பல்குச்சியைப் பசை தொட்டுச் சொருகி ஒடித்துவிட்டு அதே ஸ்க்ரூவை மறுபடி போடலாம். எங்காவது கறை தெரிந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் இறக்கி நைட்ரைல் ஷீட்டின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஜாயிண்ட் ஓரமாக மட்டும் ஈரம் என்றால் அலுமினிய டேப் பிரிந்திருக்கிறது. ஷீட்டுக்கு மேலே, தகரத்தில் தண்ணீர் ஓடிய தடம் இருந்தால் அது வேர்வை இல்லை, கூரை ஒழுகுகிறது. ஃபேனைச் சுற்றியுள்ள சீலன்ட்டிலிருந்து தேடத் தொடங்கலாம்.